அட்டைக்கு எட்டாத சதுரங்கள்

புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில், எடை பார்க்கும் இயந்திரத்தை ஒட்டி ஒரு வரிசை நீல நாற்காலிகள் உண்டு. என் சிநேகிதி பத்மா எப்போதும் கடைசி நாற்காலியில்தான் உட்காருவாள். நான் அவளுக்குப் பக்கத்தில். அவள் இறந்து ஒரு வருடமும் சில மாதங்களும் கழித்து, என் பெயர் எழுதிய கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் அங்கே போய் நின்றபோது, அந்தக் கடைசி நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது.

நான் உட்காரவில்லை. என் கணவர் சேகர், "உக்காரு லா விமலா, நம்பர் வர இன்னும் நேரம் ஆகும்" என்று இரண்டு முறை சொன்னார். கால் வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன். அந்தத் தாழ்வாரத்தில் நான் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. பிறகு சொன்னவை இன்னும் பெரியவை. அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் இப்போது அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் எழுதவில்லை. எனக்கே அது கொஞ்சம் கம்மி. நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் பகுதியில் பத்தொன்பது வருடம் பள்ளி வேன் ஓட்டியவள் நான். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம் குரோஷேவுக்கு. கொக்கி ஊசியும் நூலும் கியருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பள்ளி மணி அடிப்பதற்குள் நாலு வரி போட்டுவிடுவேன்.

சனிக்கிழமை மதியம் ஜமீலாக்காவின் கடையில் கூடுவோம். அவர் மாமனார் காலத்திலிருந்து பட்டணத்தில் இருக்கும் துணிக்கடை அது. முன்பக்கம் துணி, பின்பக்கம் நூலும் பொத்தானும். லுஹர் தொழுகை முடிந்ததும் துணி வெட்டும் நீள மேசையைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போடுவார். நான், ஜமீலாக்கா, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லலிதா, திகாம் பத்துவிலிருந்து பஸ் பிடித்து வரும் பத்மா. நாலே பேர்தான். ஆனால் நாற்பது பேரின் சத்தம் வரும் என்று ஜமீலாக்காவின் கணவர் குறைபட்டுக்கொள்வார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் பிள்ளைக்குக் கல்யாணம் கூடினாலும் ஒரு போர்வை போட்டுக் கொடுப்போம். ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு இருபது சதுரம். ஜமீலாக்கா சட்டைப் பெட்டியின் அட்டையைச் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். முடித்த சதுரத்தை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். நாலு மூலையும் அட்டையின் நாலு மூலையில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் "பிரி" என்பார். அவருக்குச் சொந்தக்காரி, சிநேகிதி என்றெல்லாம் பாகுபாடு கிடையாது.

பத்மாவின் ஒரே மகள் தர்ஷினிக்கு மாப்பிள்ளை அமைந்த சமயத்தில் போர்வையை ஆரம்பித்தோம். பத்மா கடுகு மஞ்சள் நிறத்தை எடுத்துக்கொண்டாள். பத்துச் சதுரம் முடிப்பதற்குள் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். தர்ஷினிக்குக் கூலிமில் ஷிப்ட் வேலை. அதனால் மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப் போகும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மதிய நடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டுவேன்.

பதினோராவது சதுரம் அட்டைக்கு ஒரு நூல் குறைந்தது. பன்னிரண்டாவது அரை விரல் குறைந்தது. பதினான்காவதை வைத்தபோது அட்டை சுற்றிலும் வெளியே தெரிந்தது. கண்ணிகள் இறுகிப்போய், சதுரம் தகடு போல் நின்றது. ஜமீலாக்கா வாழ்க்கையில் முதல் முறையாக "பிரி" என்று சொல்லவில்லை. "என்னா பத்மா, நூல இப்படி மிச்சம் புடிக்கிற? கடைக்காரி நான் இருக்கேன் லா" என்று கிண்டல் செய்தார். பத்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், குரூண் தாண்டியதும் அவளே சொன்னாள்.

"விரலெல்லாம் யாரோ டேப் சுத்துன மாதிரி இருக்கு விமலா. நூல் கையில இருக்கா இல்லையான்னே தெரியல. இழுத்துப் புடிச்சாத்தான் கொஞ்சம் தெரியுது."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா மருந்தக் கொறைச்சிருவாங்க. கொறைச்சா இது திரும்ப வந்துரும். நீ யார்கிட்டயும் சொல்லாத. தர்ஷினிகிட்ட சொல்லவே சொல்லாத. அவ பயந்துருவா. சத்தியம் பண்ணு."

ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே சத்தியம் செய்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மகளிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறாளே என்று நினைத்தேன்.

நோய் அவளுடைய கல்லீரலுக்குப் பரவியது. கடைசி இரண்டு மாதம் அவளால் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை. கரண்டி கையிலிருந்து நழுவும். நழுவியதே அவளுக்குத் தெரியாது, தட்டில் விழும் சத்தம் கேட்டுத்தான் திரும்புவாள். கொக்கியை நான் மாட்டிவிட்டேன், சோற்றை ஊட்டிவிட்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை. பத்மா போன பிறகு அவளுடைய பிஸ்கட் டின்னில் பதினாலு மஞ்சள் சதுரமும் மிச்ச நூலும் இருந்தன. கருமாதி அன்று தர்ஷினியிடம், "அம்மாவோட பாக்கி ஆறையும் நான் போட்டுத் தர்றேம்மா" என்றேன். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். டின்னை என் வீட்டு அலமாரியில் வைத்தேன். வைத்தேனே தவிர, ரொம்ப நாள் அதைத் திறக்கவில்லை.

குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. பத்மா தன் கட்டியை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். அதனால் என் விரலுக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. பயாப்சி (கட்டியிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு வரும்வரை காத்திருந்தது எல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கீமோ (புற்றுநோய்ச் செல்களை அழிக்க நரம்பு வழியாக ஏற்றும் மருந்து). முதல் கட்டத்தில் முடி போனது, நாக்கில் ருசி போனது. இரண்டாம் கட்டம் வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம். மிஸ்ஸி (நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மருந்துப் பையை மாட்டும்போது அதன் பெயரைப் படித்தேன். பத்மாவின் கையில் ஏறிய அதே மருந்து.

அன்றைக்குத்தான் டின்னைத் திறந்தேன். பத்மாவின் நூலை எடுத்து பதினைந்தாவது சதுரத்தை ஆரம்பித்தேன். வேனைத் தம்பியிடம் கொடுத்தாகிவிட்டது. வெளியே போகக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வேறு என்னதான் செய்வது? என்னிடம் அட்டை கிடையாது. முதல் சதுரம் முடிய மூன்று வாரம் ஆனது, பிறகு வாரம் ஒன்று; முடித்ததை வெள்ளிக்கிழமை சேகரிடம் கொடுத்து கடைக்கு அனுப்புவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜமீலாக்கா வாட்சப்பில் படம் அனுப்புவார். அட்டையின் மேல் மஞ்சள் சதுரம், நாலு மூலையும் கச்சிதம். கீழே, "அளவு சரியா இருக்கு புள்ள. துஆ செய்றோம்."

மூன்றாவது வாரம் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. நாலாவது வாரம் குத்தல் நின்று மரத்துப் போனது. நூலை ஆள்காட்டி விரலில் சுற்றினால் அது அங்கே இருப்பது தெரியவில்லை. இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் தெரிந்தது. அப்படி இழுத்த நொடியில் பத்மாவின் குரல் என் காதில் கேட்டது. கேட்டது போல இருந்தது என்று எழுதலாம்தான். ஆனால் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அந்த முன்னறையில் நான் தனியாக உட்கார்ந்ததே இல்லை. நூலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் என் கைக்குள் இன்னொரு கை இருந்தது. தலை குனிந்து கொக்கியை விடும் விதம், வரி முடிந்ததும் உதட்டைச் சுழிப்பது, எல்லாம் அவளுடையது. சேகர் ஒரு நாள், "பத்மா மாதிரியே உக்காந்திருக்க" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாரமும் டாக்டர் கேட்பார். சின்ன வயதுத் தமிழ்ப் பெண். "கை கால் மரத்துப் போகுதா ஆண்ட்டி?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூட இல்ல?"

"இல்லம்மா. குரோஷே எல்லாம் போடறேனே" என்று சொல்லி ஜமீலாக்கா அனுப்பிய படத்தைக் காட்டினேன். டாக்டர் ரசித்துப் பார்த்தார். "பியூட்டிபுல் ஆண்ட்டி" என்றார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். பத்மாவும் மறைத்தாள், அப்படியும் செத்துப் போனாள். முழு மருந்து ஏறிய அவளுக்கே அந்தக் கதி என்றால், குறைத்து ஏற்றினால் என் கதி என்ன? என் புத்தி அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. விரலா உயிரா என்றால் உயிர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதோடு அந்தப் படங்கள் இருந்தன. கண்ணுக்குச் சதுரம் சின்னதாகத் தெரிந்தாலும், அட்டையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதே! அப்படியென்றால் என் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பத்மாவுக்கு வந்தது எனக்கு வரவில்லை. அப்படி நம்பினேன். ஐந்தாவது வாரம் தோசைக்கல்லில் விரல் பட்டுக் கொப்பளம் வந்தது. கொப்பளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது. சேகரிடம் எண்ணெய் தெறித்தது என்றேன்.

ஏழாவது வாரம் ரத்த அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்று டாக்டர் அனுமதித்தார். மூன்று மாதம் கழித்து அந்த மேசையைப் பார்க்கப் போகிறேன். சொல்லாமல் போய் நின்றேன்.

ஜமீலாக்கா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார், பிறகு பதறினார். அந்த வாரம் நான் அனுப்பிய சதுரம் மேசையில் கிடந்தது. பாதி பிரித்திருந்தது. லலிதாவின் கையில் கொக்கி ஊசி. அதில் என் மஞ்சள் நூல் ஓடிக்கொண்டிருந்தது.

குரோஷே போடுகிறவர்களுக்குத் தெரியும், பிரித்த நூல் நேராக நிற்காது. பழைய கண்ணிகளின் வளைவு அதில் அப்படியே இருக்கும். தண்ணீரில் நனைத்துக் காய வைத்தால்தான் போகும். நான் போன வாரங்களில் அனுப்பிய நாலு சதுரங்களையும் எடுத்துப் பார்த்தேன். அளவு கச்சிதம். ஆனால் நூல் முழுக்க நெளிநெளியாக இருந்தது. நாலையும் பிரித்துத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

"எத்தன வாரமா?" என்று கேட்டேன்.

லலிதா ஊசியைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையுந்தான்."

"எதுக்கு?"

ஜமீலாக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பத்மாவோடது சின்னதாயிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் அவ போயிட்டா. நாங்க கிண்டல் பண்ணிச் சிரிச்சோம் விமலா, அது எனக்கு இன்னும் நெஞ்சுல கெடக்கு. உன்னோட மொத சதுரத்த அட்டையில வச்சேன். அரை விரல் கொறையுது. அடுத்தது அதவிடக் கொறையுது. அல்லாவே, எனக்கு அவ ஞாபகம் வந்துருச்சு. நீ அதப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சோம். பாத்தா மனசு விட்டுருவன்னு நெனச்சோம்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "நான் சாகப் போறேன்னு முடிவே பண்ணிட்டீங்களா? அதுக்குத்தான் எனக்குப் பொய்ப் படம் காட்டுனீங்களா? அந்தப் படத்த நம்பித்தான் நான் டாக்டர்கிட்ட..." என்று கத்திக்கொண்டே போனவள் அங்கே நின்றுவிட்டேன். வாக்கியத்தின் மீதியைச் சொன்னால் என் பொய்யையும் சொல்ல வேண்டும்.

லலிதா விடவில்லை. "டாக்டர்கிட்ட என்னா?"

சொன்னேன். விரல் மரத்தது, தோசைக்கல், எல்லாம். பிறகு குரூண் தாண்டி பத்மா சொன்னதையும் சொன்னேன். "அது சாவு வர்ற அடையாளம் இல்லக்கா. மருந்து. அவளுக்கும் மருந்துதான். எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட சொல்லல." ஜமீலாக்கா என் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் கொப்பளம் ஆறிய வடு இருந்தது. அவர் அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். திங்கட்கிழமை என்னோடு மருத்துவமனைக்கு வருவேன் என்று லலிதா சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

டாக்டர் தன் மேல் கோட்டைக் கழற்றி மேசையில் போட்டு, "இதுல பொத்தானெல்லாம் போடுங்க ஆண்ட்டி" என்றார். முதல் பொத்தானுக்கே நாக்குத் தள்ளிவிட்டது. மூன்றாவதில் கையை எடுத்துவிட்டேன். கண்ணை மூடச் சொல்லி, என் உள்ளங்கையில் எதையோ வைத்து என்னவென்று கேட்டார். எதுவும் வைக்கவில்லையே என்றேன். கண்ணைத் திறந்தால் பேனா மூடி இருந்தது.

அதன் பெயர் பெரிஃபெரல் நியூரோபதி (கை கால் நுனிகளில் உள்ள நரம்புகள் மருந்தால் பழுதாவது). அந்த வாரத்து மருந்தை நிறுத்தினார். அடுத்த வாரத்திலிருந்து அளவைக் குறைத்தார். குறைப்பதும் சிகிச்சைதான், நிறையப் பேருக்கு அப்படிச் செய்வதுண்டு என்றார். நோய் திரும்பி வருமா என்று கேட்டேன். வராது என்று யாராலும் சொல்ல முடியாது, முழு அளவு ஏற்றினாலும் சொல்ல முடியாது என்றார். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் யாரோ கடைசியில் என்னிடம் உண்மை பேசினார்கள் என்று இருந்தது.

"நாலாவது வாரமே சொல்லியிருக்கலாமே ஆண்ட்டி" என்றார். திட்டவில்லை. "அப்பவே கொறைச்சிருந்தா விரல் திரும்பி வர சான்ஸ் ஜாஸ்தி. இப்ப எவ்வளவு வரும்னு பாக்கணும்."

நான் பத்மாவைப் பற்றிக் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை, கல்லீரலுக்குப் பரவி இறந்த ஒரு சிநேகிதி என்றேன். அவள் சொல்லாததால்தான் போனாளா? நான் சொல்லாததால்தானா?

"விரல் மரத்துப் போறதால யாரும் சாகறதில்ல ஆண்ட்டி. கல்லீரலுக்குப் போனதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." கோப்பை மூடிவிட்டு, "ஆனா கடைசி வரைக்கும் அந்த விரலோடதானே அவங்க இருந்திருப்பாங்க" என்றார். லலிதா என் தோளில் கை வைத்தாள். தட்டில் கரண்டி விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை ஜமீலாக்காவிடம் சொன்னேன், அந்த ஐந்து சதுரங்களையும் பிரித்துத் தாருங்கள், நானே திரும்பப் போடுகிறேன். "சின்னதாத்தான் வரும் புள்ள" என்றார். வரட்டும் என்றேன். பிரித்து, நனைத்துக் காய வைத்துத் தந்தார்கள். உதவி மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் விரலுக்குத் தெரியாததை லலிதா வாயால் சொன்னாள்: "இப்ப இழுக்குற. விடு. இன்னும் கொஞ்சம் விடு." சிவப்பு நிறத்தில் தடித்த ஊசி ஒன்றை ஜமீலாக்கா தேடி எடுத்துத் தந்தார், கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று. கண்ணால் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். அப்படியும், பாக்கி இருந்த கடைசி ஒன்றையும் சேர்த்து, ஆறும் சின்னதாகத்தான் வந்தன. பத்மாவின் கடைசி நாலு சதுரங்களின் அளவு. அதற்கும் கீழே போகவில்லை.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. முடி வந்தது, சுருட்டையாக. ருசி வந்தது. வலது கட்டை விரல் மட்டும் பாதி திரும்பி வந்தது, மற்ற ஒன்பது விரலின் நுனிகளும் வரவில்லை. பாதமும் அப்படித்தான். பிரேக்கை மிதிக்கிறேனா என்று தெரியாத காலோடு பிள்ளைகளை ஏற்ற முடியாது. வேன் தம்பிக்கே போய்விட்டது. சாவியை நானே அவன் கையில் கொடுத்தேன்.

போர்வையைச் சேர்க்கும் வேலை வந்தது. இணைப்பதற்கு முன் எல்லாச் சதுரங்களையும் லலிதா ஒன்றாகத் துவைத்துக் காயப் போட்டாள். எடுத்து வந்து மேசையில் கொட்டினாள். பத்து மஞ்சள் சதுரங்கள் அட்டை அளவு. பத்து சின்னவை. அந்தப் பத்தில் நாலு பத்மா போட்டவை, ஆறு நான் போட்டவை. ஒரே நூல், ஒரே இறுக்கம், அளவிலும் அதே சின்னச் சின்ன வித்தியாசம். நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கை வேலையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஜமீலாக்கா அந்தப் பத்தையும் சுற்றி வெள்ளை நூலில் ஒரு கரை போட்டு, மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்தார்.

ஒரு புதன்கிழமை காலை, போர்வையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் திகாம் பத்துவுக்குப் போனேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. தர்ஷினி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அம்மாவின் கட்டிலிலேயே போர்வையை விரித்தாள். மஞ்சள் சதுரங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவள், வெள்ளைக் கரை போட்ட ஒன்றில் நின்றாள்.

"இந்தக் கரை போட்டது பத்தும் அம்மா முடியாதப்ப போட்டது, இல்ல ஆண்ட்டி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சந்தோஷப்படுவாள். காப்பி குடித்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

"நாலுதாம்மா அம்மா போட்டது. ஆறு நான் போட்டது. எது எதுன்னு எனக்குத் தெரியல."

"ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குரூணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தேன். அம்மாவின் விரல் மரத்துப் போனதை, டாக்டரிடம் சொல்லாதே என்று அவள் சொன்னதை, நான் சத்தியம் செய்ததை. சொல்லியிருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் கடைசி நாட்களில் ரவிக்கைக் கொக்கியைத் தானே மாட்டியிருப்பாள், உன் கையைப் பிடித்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றேன். "உனக்குச் சொல்லாம விட்டது என் தப்பு. அதச் சொல்லத்தான் தனியா வந்தேன்."

தர்ஷினி போர்வையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் கோபத்துக்காகக் காத்திருந்தேன்.

"அம்மா என்கிட்டயும் சொன்னாங்க ஆண்ட்டி" என்றாள். "விரல் மரத்துப் போச்சு, விமலா ஆண்ட்டிகிட்ட மட்டும் சொல்லிராத, அவ நேராப் போய் டாக்டர்கிட்ட சொல்லிருவான்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சு இத்தன நாளா நான்தான்..."

எங்கள் இருவரில் ஒருத்தி வாய் தவறி மற்றவளிடம் உளறியிருந்தால்கூடப் போதும். அவளுக்கு லீவு கிடைத்த நாட்களில், ஒரே வேனில், பத்மாவை நடுவில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் எத்தனை முறை போயிருக்கிறோம்.

தர்ஷினி என் விரல்களைப் பிடித்தாள். பிடித்ததைக் கண்ணால்தான் பார்த்தேன். அவள் பிடி நகர்ந்து மணிக்கட்டுக்கு வந்தபோதுதான் அவள் கை சுடுவது தெரிந்தது. இப்போதெல்லாம் என் உடம்பு மணிக்கட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. என் நாட்கள் ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைக்கும்தான். அடுத்ததற்கு அன்றைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் ஒரு காலைப் பொழுதை முழுதாக அந்தக் கட்டிலில் உட்கார்ந்தே செலவழித்தேன். அவள் கையை எடுக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.